அங்கன்வாடிக்குத் தரச்சான்று: படிவத்தில் இல்லாத கேள்வி

நம் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி. பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதன் விளைவு அதிகாரிகள் மேல் விழாது. அங்கே குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் மேல்தான் விழும். அந்த ஊராட்சியில் இரண்டு அங்கன்வாடி மையங்கள். ஒன்று ஊர்த்தெருவில், மாரியம்மன் கோயிலை ஒட்டி இருக்கிறது. மற்றொன்று காலனிக்குத் திரும்பும் சாலை முனையில் இருக்கிறது.

ஊர்த்தெரு மையத்தைப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். சுவரெங்கும் யானை, முயல், மாம்பழம். குழந்தைகளின் உயரத்துக்குக் கைகழுவும் குழாய். எடை பார்க்கும் கருவி, உயரம் அளக்கும் பலகை, பெட்டி நிறைய பொம்மை. வருகைப் பதிவேடு நிறைந்திருக்கிறது. வெளியூரிலிருந்து யாராவது பார்வையிட வந்தால் அதிகாரிகள் இங்கேதான் அழைத்துவருவார்கள்.

சாலை முனை மையத்திலும் பொம்மை உண்டு, எடைக்கருவி உண்டு, சுவரில் படமும் உண்டு. குழந்தைகள்தான் இல்லை. முன்பு இருபத்திரண்டு பேர் வந்த இடத்தில் இப்போது ஒன்பது பேர். ஊர், காலனி என இரு பக்கத்துக் குழந்தைகளும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட மையம் அது. பழைய பணியாளர் ஓய்வுபெற்றார். அந்த இடத்துக்குக் காலனியைச் சேர்ந்த பெண் ஒருவர் வந்தார். இரண்டு மாதத்துக்குள் ஊர்க் குழந்தைகள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. யாரும் சண்டை போடவில்லை. யாரும் சாதி பெயர் சொல்லித் திட்டவில்லை. கேட்டால், "தூரமா இருக்குதுங்க" என்றார்கள். நேற்று வரை தூரமாக இல்லாத இடம், பணியாளர் மாறியதும் தூரமாகிவிட்டது.

ஆய்வுக்கு வந்தவர்கள் சாலை முனை மையத்தைப் பற்றி எழுதிய குறிப்பு: வருகை குறைவு, மேம்பாடு தேவை. ஊர்த்தெரு மையத்துக்கு எழுதிய குறிப்பு: நன்று.

அந்தப் பணியாளர் என்னிடம் கேட்டார்: "அக்கா, நான் பாட்டு சொல்லிக் குடுக்கலியா, கதை சொல்லலியா, புள்ளைங்களுக்கு ஊட்டி விடலியா? எல்லாம்தான் செய்யறேன். அவங்க புள்ளைங்கள அனுப்பலன்னா அது என் தப்பாக்கா?"

இந்தக் கட்டுரை அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லும் முயற்சி.

தரம் என்று அரசு எதைச் சொல்கிறது?

முன்பருவக் கல்விக்குத் தரம் வேண்டும், அந்தத் தரத்தை அளக்க அளவுகோல் வேண்டும் என்று பல ஆண்டுகளாகவே பேசப்பட்டு வருகிறது. 2013 அக்டோபரில் ஒன்றிய அரசு வெளியிட்ட முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு, கல்விக்கான தேசியக் கொள்கை, விட்டுக்கொடுக்க முடியாத அடிப்படைத் தரங்கள் என்று ஒரு பட்டியலே தந்தது. முப்பது குழந்தைகளுக்குக் குறைந்தது 35 சதுர மீட்டர் வகுப்பறை. வெளியே விளையாட 30 சதுர மீட்டர் இடம். மூன்று வயது முதல் ஆறு வயது வரை இருபது குழந்தைகளுக்கு ஒரு பணியாளர். மூன்று வயதுக்குக் கீழே என்றால் பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர். ஒரு நாளுக்கு மூன்று முதல் நான்கு மணி நேரம். தாய்மொழியில் கற்பித்தல். பாதுகாப்பான குடிநீர். பெண், ஆண் குழந்தைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை. சமைக்கத் தனி இடம். முதலுதவிப் பெட்டி. கட்டடம் உறுதியாகவும், எளிதில் வந்துசேரக்கூடிய இடத்திலும் இருக்க வேண்டும்.

2020 தேசியக் கல்விக் கொள்கை, முன்பருவக் கல்வி உட்பட எல்லா நிலைகளுக்கும், அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி, தரச்சான்று முறை கொண்டுவரப்படும் என்றது. தமிழ்நாடு அக்கொள்கையை ஏற்கவில்லை. ஆனால், அளவுகோல் வைத்து மையங்களைத் தரம் பிரிக்கும் சிந்தனை எல்லா இடத்திலும் வந்துவிட்டது. நாட்டின் பல மாவட்டங்களில் அங்கன்வாடிகளுக்கு ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் வாங்கி வாசலில் மாட்டுவது பெருமையாகியிருக்கிறது. தனியார் நடத்தும் மழலையர் விளையாட்டுப் பள்ளிகளுக்குத் தமிழ்நாடு அரசு 2015இல் தனி ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குப் பறிகொடுத்த மாநிலம் இது. கூரை என்ன, வாசல் எத்தனை, படிக்கட்டு எவ்வளவு அகலம் என்று பார்ப்பது வெறும் சடங்கு இல்லை, உயிர்ப் பிரச்சினை என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனவே, தரச்சான்று வேண்டாம் என்பது நம் வாதம் அல்ல. இந்தத் தரங்கள் எல்லாம் முதலில் தேவைப்படுவதே நம் குழந்தைகளுக்குத்தான். பணம் உள்ளவர் குழந்தையை வேனில் ஏற்றி நகரத்து நர்சரிக்கு அனுப்பிவிடுகிறார். வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகும் தாய்க்கு பால்வாடியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அந்த இடம் தரமாக இருக்க வேண்டும் என்று கேட்கும் முதல் உரிமை அவளுடையது.

நம் வாதம் வேறு. சதுர மீட்டரை அளக்கும் படிவம், குழாயை எண்ணும் படிவம், பொம்மையை எண்ணும் படிவம், சாதியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காவிட்டால் என்ன ஆகும்? தீண்டாமையைக் கடைப்பிடிக்கும் மையம் நல்ல மதிப்பெண் வாங்கும். தீண்டாமைக்கு ஆளான மையம் குறைந்த மதிப்பெண் வாங்கும். மேலே சொன்ன ஊராட்சியில் நடந்தது அதுதான். ஊரார் புறக்கணித்தார்கள்; அதற்கான தண்டனையைப் புறக்கணிக்கப்பட்டவர் அனுபவிக்கிறார்.

யாருக்கு எளிதான இடம்?

"எளிதில் வந்துசேரக்கூடிய இடம்" என்ற வரியை எடுத்துக்கொள்வோம். ஊர்த்தெரு மையத்துக்கும் காலனிக்கும் இடையே அரை கிலோமீட்டர்கூட இருக்காது. வரைபடத்தில் பார்த்தால் எளிதான தூரம். ஆனால், அந்த வழியில் ஒரு சாலை இருக்கிறது. ஒரு டீக்கடை இருக்கிறது. கோயில் திண்ணை இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு பாட்டி அந்தத் தெரு வழியாகத் தினமும் காலை ஒரு முறை, மதியம் ஒரு முறை நடக்க வேண்டும். அவள் எத்தனை நாள் நடப்பாள்? மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில் வாசலில் என்ன நடந்தது என்று நம் மாவட்டத்துக்கே தெரியும். 2023 ஜூனில் அந்தக் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். கோயில் கதவு மூடினால் செய்தியாகிறது. அங்கன்வாடிக்குப் போகிற வழி மூடிக்கிடப்பது செய்தியாவதில்லை. ஏனென்றால், அங்கே கதவு திறந்தேதான் இருக்கிறது.

என் சொந்த அனுபவத்தையும் சொல்ல வேண்டும். எண்பதுகளின் நடுவில் எங்கள் ஊர் பால்வாடிக்கு நான் போனேன். 1982இல் சத்துணவு வந்த பிறகு அம்மா என்னை அனுப்பியதே ஒரு வேளைச் சோற்றுக்காகத்தான். காலனிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து தட்டு எடுத்துப் போக வேண்டும். மையத்துத் தட்டு ஊர்ப் பிள்ளைகளுக்கு. நாங்கள் தாழ்வாரத்தில் உட்காருவோம், அவர்கள் உள்ளே உட்காருவார்கள். இதை யாரும் எனக்கு விளக்கவில்லை. யாரும் விளக்காமலேயே எனக்குப் புரிந்துவிட்டது. எழுத்தும் எண்ணும் தெரிவதற்கு முன்பே நான் எங்கே உட்கார வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. எம்.ஏ. தமிழ் வரை படித்தேன். முதலில் படித்த அந்தப் பாடத்தை மறக்க இத்தனை ஆண்டுகளாக முயல்கிறேன்.

அண்ணல் அம்பேத்கர் தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியிருப்பதும் இதுவேதான். வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில் தனியே உட்கார்ந்தார். பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகம். இன்றைய ஆய்வாளர் அந்தப் பள்ளிக்கு ஒரு படிவத்தோடு போயிருந்தால் என்ன எழுதியிருப்பார்? 'குடிநீர்க் குழாய் வசதி: உண்டு.'

ஒவ்வொரு தரத்துக்குள்ளும் ஒரு கேள்வி

'குடிநீர் உண்டா?' என்பது ஒரு தரக் கேள்வி. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்புக்கான மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இருந்தது, குழாய் இருந்தது, தண்ணீரும் வந்தது. குழந்தைகள் அடுத்தடுத்து நோய்வாய்ப்பட்ட பிறகுதான் தொட்டிக்குள் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது வெளியே தெரிந்தது. படிவத்தின் கண்ணுக்கு அந்தத் தொட்டி கடைசி நாள் வரை 'உண்டு' என்ற கட்டத்தில்தான் இருந்திருக்கும்.

'சூடான உணவு வழங்கப்படுகிறதா?' என்பது இன்னொரு கேள்வி. அதைச் சமைப்பது யார், சமைத்ததை யார் சாப்பிட மறுக்கிறார்கள் என்ற கேள்வி இல்லை. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் ஓர் அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்க வந்தபோது, எங்கள் பிள்ளைகளுக்கு இவர் சமைக்கக் கூடாது என்று பெற்றோரில் ஒரு பகுதியினர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அவரை இடமாற்றம் செய்த அதிகாரிகள், எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அதைத் திரும்பப் பெற்றார்கள். அது பள்ளி என்பதால் வெளியே தெரிந்தது. அங்கன்வாடியில் முற்றுகை தேவைப்படுவதில்லை. குழந்தையை அனுப்பாமல் இருந்தால் போதும். கட்டாயக் கல்வி ஆறு வயதிலிருந்துதான் என்பதால் யாரும் கேட்கப்போவதில்லை.

'பெற்றோருடன் தொடர்பு உண்டா, வீட்டுப் பார்வை நடக்கிறதா?' என்பது மற்றொரு கேள்வி. இதன் மதிப்பை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன ஆய்வு, ஒடுக்கப்பட்ட இன்னொரு மக்களின் குழந்தைகளிடையே நடந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாந்தி நகரில், 1962இல் தொடங்கிய பெர்ரி முன்பருவப் பள்ளித் திட்டம். ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளில் 58 பேருக்கு முன்பருவக் கல்வி தரப்பட்டது, மற்றவர்களுக்குத் தரப்படவில்லை. இரண்டு குழுவினரையும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். படித்தவர்கள் உயர்நிலைக் கல்வியை முடித்ததும், வேலையில் இருந்ததும், சம்பாதித்ததும் அதிகம். சிறைக்குப் போனது குறைவு. அந்தப் பள்ளியின் தரம் சுவர் ஓவியத்தில் இல்லை. ஐந்தாறு குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். அந்த ஆசிரியர் வாரம் ஒரு முறை ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் போய், ஒன்றரை மணி நேரம் தாயோடும் குழந்தையோடும் உட்கார்ந்தார்.

வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார் என்பதைக் கவனியுங்கள். நம் ஊர்த்தெரு மையத்துப் பணியாளர் காலனிக்குப் போகிறாரா? போனால் எந்த வீட்டுத் திண்ணையிலாவது உட்காருகிறாரா? கொடுத்த தண்ணீரைக் குடிக்கிறாரா? அல்லது சாலை முனையில் நின்றபடி, "ஏய், சத்துமாவு வந்து வாங்கிட்டுப் போங்க" என்று குரல் கொடுக்கிறாரா? இரண்டையும் படிவம் ஒன்றாகவே எழுதும்: வீட்டுப் பார்வை முடிந்தது.

ஆறு வயதுக்குக் கீழே சட்டம் எங்கே?

இந்த நிலைக்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. அரசமைப்புச் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தபோது, அதன் 45ஆம் பிரிவு பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது. அதில் மூன்று வயதுக் குழந்தையும் அடக்கம். 2002இல் வந்த 86ஆவது திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. அது பெரிய வெற்றி. ஆனால், ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களை 'அரசு முயல வேண்டும்' என்ற பழைய வரியிலேயே விட்டுவிட்டது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவும், மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு முன்பருவக் கல்விக்கான ஏற்பாடுகளை அரசு 'செய்யலாம்' என்றுதான் சொல்கிறது. 'செய்ய வேண்டும்' என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லில்தான் நம் குழந்தைகளின் மூன்று ஆண்டுகள் தொங்குகின்றன.

ஆனால், உணவு உரிமைக்கான வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகள் நம் கையில் இருக்கின்றன. ஒவ்வொரு குடியிருப்புக்கும் அங்கன்வாடி வேண்டும் என்று 2001 நவம்பர் 28 ஆணை சொன்னது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் குடியிருப்புகள் அனைத்திலும் விரைவில் மையம் அமைக்க முயல வேண்டும் என்று 2004 அக்டோபர் 7 ஆணை சொன்னது. 2006 டிசம்பர் 13 ஆணை இன்னும் ஒரு படி மேலே போனது. ஆறு வயதுக்குட்பட்ட நாற்பது குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும். கேட்பது நம் உரிமை. தருவது அரசின் கடமை. 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைக்கு அங்கன்வாடி உணவைச் சட்டப்படியான உரிமை ஆக்கியது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், கல்வி நிலையத்துக்குள் நுழையவிடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது.

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. வேறு பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் நாம் எவ்வளவோ மேல். ஆனால், எண்ணிக்கை ஒன்று, இடம் ஒன்று. 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் 29 விழுக்காடு. நம் மாவட்டத்தின் மையங்களில் எத்தனை காலனியில் இருக்கின்றன, எத்தனை ஊர்த்தெருவில் இருக்கின்றன என்ற பட்டியலை அரசு வெளியிடட்டும். மக்கள்தொகைக் கணக்கு வேறு ஒரு வழியிலும் நம்மை அடிக்கிறது. 400 முதல் 800 பேர் இருந்தால் முழு மையம். 150 முதல் 400 பேர் என்றால் குறு மையம் என்பது விதி. காலனிகள் சிறியவை என்பதால் குறு மையம்தான் கிடைக்கும். குறு மையம் என்றால் உதவியாளர் இல்லாமல் ஒரே ஆள். சமைப்பதும் அவர், பாடம் சொல்வதும் அவர், கழிப்பறைக்கு அழைத்துப்போவதும் அவர், கைப்பேசிச் செயலியில் பதிவதும் அவர். பிறகு முழு மையத்துக்கும் குறு மையத்துக்கும் ஒரே அளவுகோலை வைத்து மதிப்பெண் போட்டால், யார் பின்தங்குவார்கள் என்று முன்கூட்டியே தெரியாதா?

வரும் மறுப்புகள்

இதை எழுதினால் மூன்று மறுப்புகள் வரும். வரட்டும், பேசுவோம்.

முதல் மறுப்பு: பச்சைக் குழந்தைகள் விஷயத்தில் சாதியை ஏன் கொண்டுவருகிறீர்கள்? நாம் கொண்டுவரவில்லை. ஊர்க் குழந்தைகளை நிறுத்திய பெற்றோர் கொண்டுவந்தார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைத்து, பள்ளி, கல்லூரிகளில் சாதியைக் களைவது எப்படி என்று அரசு அறிக்கை கேட்டது. 2024இல் அறிக்கையும் வந்தது. பதினேழு வயதில் கையில் அரிவாள் எடுத்தவன், அந்த வெறுப்பைப் பதினேழாவது வயதில் கற்கவில்லை. "அந்தப் பால்வாடிக்குப் போகாதே" என்று மூன்று வயதில் அம்மா சொன்ன அன்றே பாடம் தொடங்கிவிட்டது.

இரண்டாவது மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வரும்: காலனிக்குத் தனி மையம் கேட்டால், அது தனிச் சுடுகாடு, தனிக் குவளை மாதிரி ஆகிவிடாதா? நியாயமான கேள்வி. எனக்கும் இதில் மன உளைச்சல் உண்டு. தனி மையம் கேட்டால் பிரிவினை நிரந்தரமாகும். கேட்காவிட்டால் பிள்ளை பட்டினி கிடக்கும். என் பதில் இது. நாம் கேட்பது காலனிக்கான மையம் அல்ல, காலனியில் இருக்கும் பொது மையம். இத்தனை காலம் நம் பிள்ளைகள் அவர்கள் தெருவுக்கு நடந்தார்கள். இனி அவர்கள் பிள்ளைகளும் நம் தெருவுக்கு நடக்கட்டும். நடந்தால் அது தரமான மையம். நடக்க மறுத்து, இருக்கிற மையத்தை விட்டுவிட்டு, ஊர்த்தெருவில் இன்னொன்று கேட்டால், அந்தக் கோரிக்கையை அரசு தீண்டாமையாகப் பதிவுசெய்ய வேண்டும். அதுவரை சமத்துவத்தின் பெயரால் நம் குழந்தையின் முட்டையைத் தியாகம் செய்ய முடியாது.

மூன்றாவது மறுப்பு பணியாளர்களிடமிருந்து வரும்: ஏற்கெனவே பதிவேடு, செயலி, கணக்கெடுப்பு என்று முதுகு ஒடிகிறது; இன்னொரு படிவமா? அவர்கள் சொல்வது உண்மை. முழுமையான காலமுறை ஊதியத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடுபவர்கள் அவர்கள். அவர்களில் நம் பெண்கள் ஏராளம். எனவே, நாம் கேட்கும் கேள்விகளைப் பணியாளர் நிரப்பக் கூடாது. ஆய்வுக்கு வரும் அதிகாரி நிரப்ப வேண்டும். அதுவும் மையத்தில் உட்கார்ந்து அல்ல, காலனிக்குள் போய்த் தாய்மாரிடம் கேட்டு நிரப்ப வேண்டும்.

ஐந்து கேள்விகள்

நம் மாவட்ட நிர்வாகத்தையும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் துறையையும் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். எந்த மையத்துக்கும் தரச்சான்று தருவதற்கு முன், நட்சத்திரம் போடுவதற்கு முன், இந்த ஐந்து கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள்.

ஒன்று: மையம் எந்தத் தெருவில் இருக்கிறது? காலனியிலிருந்து வரும் குழந்தை எந்த வழியாக வருகிறது?

இரண்டு: மையத்தின் எல்லைக்குள் இருக்கும் பட்டியல் சாதிக் குழந்தைகள் எத்தனை பேர்? அவர்களில் தினமும் வந்து உட்கார்ந்து சாப்பிடுபவர்கள் எத்தனை பேர்? பதிவேட்டில் உள்ள பெயர் கணக்கில்லை.

மூன்று: எல்லாக் குழந்தைகளும் ஒரே பாயில் உட்காருகிறார்களா, ஒரே தட்டு அடுக்கிலிருந்து தட்டு எடுக்கிறார்களா, ஒரே குழாயில் கைகழுவுகிறார்களா?

நான்கு: பணியாளரோ உதவியாளரோ மாறிய பிறகு வருகை திடீரென்று குறைந்திருக்கிறதா? குறைந்திருந்தால், அதற்காகப் பணியாளரிடம் விளக்கம் கேட்காதீர்கள். குழந்தைகளை நிறுத்திய வீடுகளுக்குப் போய்க் கேளுங்கள்.

ஐந்து: வீட்டுப் பார்வைக்குப் போன பணியாளர் கடைசியாகக் காலனியில் எந்த வீட்டுக்குள் போனார், எப்போது போனார்?

இதில் ஒன்றுக்குக்கூடச் செலவு இல்லை. புதுக் கட்டடம் வேண்டாம், புது ஓவியம் வேண்டாம். நடந்துபோய்ப் பார்க்கும் கால் வேண்டும். பார்த்ததை எழுதும் நேர்மை வேண்டும்.

காலனி மக்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஒரு நோட்டில் பெயர், வயதோடு எழுதுங்கள். நாற்பது பேர் இருந்து, மையம் இல்லையென்றால், 2006 டிசம்பர் 13 உச்ச நீதிமன்ற ஆணையைக் குறிப்பிட்டு மனு எழுதுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். அதில் தீர்மானமாக வையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். மனுவின் நகலும் ஒப்புகைச் சீட்டும் உங்களிடம் இருக்கட்டும். நாற்பது பேர் இல்லாவிட்டாலும் எழுதுங்கள். இருக்கும் மையத்துக்கு நம் குழந்தை ஏன் போகவில்லை என்பதை எழுதுங்கள். எழுதாத குறை அரசின் கணக்கில் குறையே இல்லை.

சாலை முனை மையத்துக்குச் சென்ற வாரம் மறுபடியும் போயிருந்தேன். ஒன்பது குழந்தைகளும் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டப்படி வட்டமாக நின்று கைகோத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பணியாளர் நடுவில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு குழந்தைகள் நின்று சுற்றிய இடம் அது, வட்டம் சிறுத்துவிட்டது.

தங்கையே, உன் கேள்விக்கு என் பதில் இதுதான்: அது உன் தப்பு இல்லை. வருகைக் குறைவு என்று உன் பெயருக்கு நேராக எழுதியதை அடித்துவிட்டு, யார் பெயருக்கு நேராக எழுத வேண்டுமோ அங்கே எழுதும் வரை, அந்த ஊராட்சியின் எந்த மையத்துக்கும் தரச்சான்று வாங்கும் தகுதி இல்லை.